பிரசவ பயத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதுமா? நன்றிப் பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது

“பிரசவம்னா பொம்பளைக்கு மறுபிறவி.”

கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு பெண் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்கிறாள் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா? சொல்கிறவர்கள் யாரும் பயமுறுத்தச் சொல்வதில்லை. ஒருவித மரியாதையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், மறுபிறவி என்றால் நடுவில் ஒரு சாவு இருந்தாக வேண்டுமே! கேட்கிறவளின் மனசு அந்த நடுவில்தான் போய் நிற்கும்.

இது போதாதென்று பக்கத்து வீட்டு அக்கா ‘எனக்கு 2 நாள் வலி’ என்பார். சித்தி, தையல் போட்ட கதையை விலாவாரியாகச் சொல்வார். ராத்திரி தூக்கம் வராமல் போனை எடுத்தால், ஒரு வீடியோ பார்த்ததற்கு யூடியூப் இன்னும் 10 வீடியோவை வரிசையாகத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

இப்போது அதே போனில் இன்னொரு வரிசையும் வருகிறது. “தினமும் 3 விஷயத்துக்கு நன்றி எழுதுங்க. பிரசவ பயம் பறந்து போயிடும்.” அழகான நோட்டு, பக்கத்தில் ஒரு கப் டீ, பின்னணியில் மெல்லிய இசை. கர்ப்பிணிகளுக்கான ஆப்களிலும் ‘நன்றி நாட்குறிப்பு’ ஒரு பகுதியாகவே வந்துவிட்டது.

இது வேலை செய்யுமா? செய்யும், கொஞ்சம். ஏன் செய்கிறது என்பது புரிந்தால் நன்றாகவே பயன்படுத்தலாம். புரியாமல் எடுத்தால், ஏற்கெனவே பயந்து போயிருக்கும் பெண்ணின் வாயை அடைக்க நம் கையில் இன்னொரு துணி கிடைத்த மாதிரி ஆகிவிடும். இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

பயப்படுவது பலவீனமா?

இல்லை. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தெரியாத ஒரு வலி, தெரியாத ஓர் இடம், தெரியாத மனிதர்கள், எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு வேலை. இதற்குப் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மருத்துவ உலகத்துக்கும் இது புதிதல்ல. பிரான்ஸ் நாட்டு மனநல மருத்துவர் லூயி விக்டர் மார்சே 1858-லேயே கர்ப்பிணிகளின் இந்த அச்சத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைப்பிரசவம் என்றால் தெரியாத வலியைப் பற்றிய பயம், ஏற்கெனவே பெற்றவர்கள் என்றால் தெரிந்த வலியைப் பற்றிய பயம் என்று அவர் அப்போதே பிரித்துச் சொன்னார்.

இந்தப் பயம் அளவு மீறி, தூக்கத்தையும் அன்றாட வாழ்க்கையையும் கெடுக்கும் நிலைக்குப் போனால் அதற்கு ‘டோக்கோஃபோபியா’ என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டினா ஹாஃப்பெர்க், இயன் பிராக்கிங்டன் இருவரும் 2000-ம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலானது. அவர்களும் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். குழந்தையே பெறாத ஒரு பெண்ணுக்கு, சில நேரம் பருவ வயதிலிருந்தே இருக்கும் பயம் ஒன்று. முதல் பிரசவம் மோசமாக முடிந்ததால் வரும் பயம் இன்னொன்று. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான மதிப்பாய்வு, கர்ப்பிணிகளில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் கடுமையான பிரசவ பயம் இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய 7 பேரில் ஒருவர். செக்கப்புக்குப் போகும்போது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒரு முறை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். ‘எனக்கு மட்டும்தான் இப்படியா?’ என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

பயம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

பிரசவத்தைப் பற்றி இன்றுவரை பேசப்படும் ஒரு விளக்கம், பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் சொன்னது. பயம் வந்தால் உடம்பு இறுகும். உடம்பு இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயம் இன்னும் கூடும். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றும். பயம் போய்விட்டால் வலியே இருக்காது என்கிற அளவுக்கு இதை இழுப்பது தவறு. கர்ப்பப்பை சுருங்கி விரிவது நிஜமான வேலை, அதன் வலியும் நிஜம். ஆனால், பயம் அந்த வலியைத் தாங்குவதைக் கடினமாக்குகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஹார்மோன் கணக்கிலும் இது பொருந்துகிறது. கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின். ஆபத்து என்று உடம்பு நினைத்தால் அட்ரினலின் ஏறும். அது அளவுக்கு மீறினால் பிரசவத்தின் வேகம் குறையக்கூடும். நார்வேயில் 2,206 பெண்களிடம் நடந்து, 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவ பயம் அதிகமாக இருந்த பெண்களுக்கு மற்றவர்களைவிடச் சராசரியாக 1 மணி 32 நிமிடம் கூடுதலாகப் பிரசவம் நீடித்தது. முதல் பிரசவமா, வலி குறைக்கும் ஊசி போட்டார்களா போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் 47 நிமிட வித்தியாசம் இருந்தது.

ஆக, ‘பயப்படாதே’ என்று வெறும் வாயால் சொல்லி விட்டுவிடக் கூடிய விஷயம் அல்ல இது. பயத்தைக் குறைப்பதும் பிரசவ கவனிப்பில் ஒரு பகுதிதான்.

நன்றி எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ரீல்ஸில் பார்த்தால் யாரோ நேற்று கண்டுபிடித்த மாதிரி இருக்கும். 2003-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் செய்த ஆய்வுதான் இதற்கு அடித்தளம். கல்லூரி மாணவர்களை 3 குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு, அந்த வாரத்தில் நன்றியோடு நினைக்கக்கூடிய விஷயங்களை எழுத வேண்டும். இன்னொரு குழு, அந்த வாரத்தில் எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். மூன்றாவது குழு, நடந்ததைச் சும்மா எழுத வேண்டும். வாரம் ஒரு முறை, 10 வாரம். முடிவில் நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்தார்கள்.

2005-ல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் இன்னொரு வடிவத்தைச் சோதித்தார்கள். தினமும் ராத்திரி அன்று நடந்த 3 நல்ல விஷயங்களை எழுத வேண்டும். அதோடு, அவை ஏன் நடந்தன என்றும் எழுத வேண்டும். ஒரு வாரம் மட்டும் செய்யச் சொன்னதற்கே, சிலருக்கு 6 மாதம் வரை பலன் தெரிந்தது.

இனி நாணயத்தின் மறுபக்கம். நன்றிப் பயிற்சி குறித்த 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2020-ல் வெளியானது. பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைப்பதில் இதன் பலன் சிறியது என்று அது சொன்னது. பூஜ்யம் இல்லை. ஆனால், சிகிச்சைக்கு மாற்றாக வைக்கும் அளவுக்குப் பெரிதும் இல்லை.

கர்ப்பிணிகளை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் இன்னும் குறைவு. அயர்லாந்தில் 50-க்கும் குறைவான கர்ப்பிணிகளிடம் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. நன்றியை எழுதுவது, உடம்பைக் கவனித்து அமைதியாக இருப்பது, இரண்டையும் சேர்த்து ஆன்லைனில் 3 வாரம் செய்யச் சொன்னார்கள். செய்யாதவர்களோடு ஒப்பிடும்போது இவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது. மனச்சோர்வில் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வு, சின்ன நம்பிக்கை. அதற்கு மேல் இதை ஊதிப் பெரிதாக்கக் கூடாது.

அப்படியென்றால் ஏன் செய்ய வேண்டும்?

இந்த இடத்தில்தான் என்னுடைய வாதம் தொடங்குகிறது.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது டார்ச் லைட் மாதிரி ஒரே இடத்தில் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் வலி தெரியும், ரத்தம் தெரியும், யாரோ சொன்ன கதை தெரியும். பக்கத்தில் நிற்கும் அம்மா தெரிய மாட்டார். நான்கு மாதமாகச் செக்கப்புக்கு அழைத்துப் போகும் கணவர் தெரிய மாட்டார். ஒவ்வொரு மாதமும் வீடு தேடி வந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கும் கிராம சுகாதார செவிலியர் தெரிய மாட்டார். இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். வெளிச்சம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

நன்றி எழுதுவது அந்த டார்ச்சைத் திருப்பும் வேலை. இல்லாத சந்தோஷத்தை வரவழைப்பது அதன் நோக்கம் அல்ல. ஏற்கெனவே இருக்கும் துணையைக் கணக்கெடுப்பதுதான் நோக்கம். நன்றி நோட்டு என்பதைவிட, ‘எனக்கு யார் யார் இருக்காங்க’ என்ற கணக்கு நோட்டு என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

பிரசவ பயத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் ‘நான் தனியா மாட்டிக்குவேன்’ என்ற எண்ணம்தான். நேரத்துக்கு வண்டி வருமா, டாக்டர் இருப்பாரா, யாராவது என் கையைப் பிடித்துக்கொள்வார்களா. இந்தக் கேள்விகளுக்கு ‘எல்லாம் நல்லதா நடக்கும்’ என்பது பதில் ஆகாது. குறிப்பிட்ட ஆட்களும் குறிப்பிட்ட ஏற்பாடுகளும்தான் பதில். அதை எழுத வைப்பதால்தான், மற்ற பயங்களைவிடப் பிரசவ பயத்துக்கு இந்தப் பயிற்சி கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு பலனும் இருக்கிறது. ஒரு வாரம் எழுதிப் பார்த்த பிறகும் அந்த நோட்டில் ஒரு மனிதரின் பெயர்கூட வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வானம் அழகாக இருந்தது, காபி நன்றாக இருந்தது என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் பயிற்சி தோற்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆள் துணை தேவை என்ற உண்மையைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் படிக்க வேண்டும்.

எப்படி எழுதுவது?

செலவு இல்லாத வேலை. பழைய ரூல்டு நோட்டு போதும். எழுதப் பிடிக்காதவர்கள் போனில் வாய்ஸ் நோட்டாகப் பேசி வைக்கலாம். கூட இருப்பவரிடம் வாயால் சொன்னாலும் சரிதான்.

முதலில், பயத்தை எழுதுங்கள். ஆமாம், நன்றிக்கு முன்னாடி பயம். ‘வலி தாங்க முடியாம கத்திட்டா அசிங்கமா நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு’ என்று ஒரு வரி. பயத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நன்றி மட்டும் எழுதினால், அது ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அடுத்து, அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே துணையாக இருந்த ஒன்றை எழுதுங்கள். ‘இன்னைக்கு ஸ்கேன்ல டாக்டர் அவசரப்படாம, குழந்தையோட கை எது கால் எதுன்னு காட்டினாங்க’ என்பது போல. ‘குடும்பத்துக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி’ என்று பொதுவாக எழுதினால் 3-வது நாளே அலுத்துவிடும். ஆள், நேரம், நடந்த விஷயம் மூன்றும் இருக்கட்டும்.

மூன்றாவது, அது ஏன் நடந்தது என்று ஒரு வரி. ‘நான் கேள்வி கேட்டேன், அதனால காட்டினாங்க’ என்று எழுதும்போது ஒரு விஷயம் பிடிபடும். நல்லது தானாக வந்து விழுந்ததல்ல, அதில் என் பங்கும் இருக்கிறது. பிரசவ அறையிலும் கேள்வி கேட்கலாம் என்ற தைரியம் இங்கிருந்துதான் முளைக்கும்.

நான்காவது, வாரத்தில் ஒரு நாள் உடம்புக்காக ஒரு வரி. கர்ப்பத்தில் உடம்பைப் பற்றி நாம் கேட்பதெல்லாம் குறைதான். ரத்தம் கம்மி, வெயிட் ஜாஸ்தி, கால் வீக்கம். 20 வாரமாக ஓர் உயிரைச் சுமந்தபடி படியேறும் அதே உடம்புக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வதில் தப்பில்லை.

தினமும் எழுத வேண்டுமா? அவசியமில்லை. அமெரிக்க உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் பார்த்தபோது, வாரம் 3 முறை எழுதியவர்களைவிட வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. கடமையாகிவிட்டால் நன்றியும் இம்போசிஷன் மாதிரிதான். ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். வாந்தியும் தூக்கமும் முந்திக்கொண்ட நாளில் நோட்டு காத்திருக்கட்டும்.

எங்கே இது தப்பாகப் போகிறது?

நன்றி என்பது அவளாக எடுத்து எழுதும் வரைக்கும் மருந்து. மற்றவர்கள் அவளிடம் கேட்க ஆரம்பித்தால் விஷம்.

“எத்தனை பேர் குழந்தை இல்லாம கோயில் கோயிலா அலையறாங்க, உனக்கு கிடைச்சிருக்கு. அதுக்கு நன்றி சொல்லாம பயமா இருக்குங்கற?” இந்த வசனம் நம் வீடுகளில் சகஜம். இதைக் கேட்ட பெண்ணுக்குப் பயம் போகாது. பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேரும். அடுத்த முறை அவள் பயத்தை வெளியே சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் ‘இப்ப தைரியமாயிட்டா’ என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதைவிடக் கொடுமை, முதல் பிரசவம் மோசமாக முடிந்த பெண்களிடம் சொல்லப்படும் ஆறுதல். “குழந்தை நல்லா இருக்குல்ல, அது போதாதா?” போதாது. குழந்தை நலமாக இருப்பதும், அந்தக் குழந்தையைப் பெற்ற இரவு அவளுக்குள் ஒரு காயமாக இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மேலே சொன்ன இரண்டாவது வகைப் பயம் இதுதான். இவர்களிடம் நன்றி நோட்டைக் கொடுத்து உட்கார வைப்பது, முறிந்த எலும்பின் மேல் சந்தனம் பூசுவது மாதிரி. இவர்களுக்கு முதலில் வேண்டியது, அன்று என்ன நடந்தது என்பதைக் குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள். அடுத்து, ஏன் அப்படி நடந்தது என்பதை விளக்க ஒரு மருத்துவர். நன்றி அதற்கெல்லாம் பிறகு, அவளுக்கே தோன்றினால் வரட்டும். தோன்றவில்லையா, வராமலே போகட்டும்.

நன்றியும் உரிமையும் வேறு வேறு

பிரசவ அறையில் திட்டு வாங்காமல் இருந்ததற்கு ஒரு பெண் நன்றி எழுதினால் நாம் சந்தோஷப்படக் கூடாது. வெட்கப்பட வேண்டும். பிரசவத்தின்போது திட்டுவது, அடிப்பது, சம்மதம் கேட்காமல் சிகிச்சை செய்வது ஆகியவை உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே அறிக்கை வெளியிட்டது. மரியாதை என்பது மருத்துவமனை போடும் பிச்சை அல்ல.

நம் நாட்டிலும் எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் சொன்னது. தனிமறைவுக்கு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. 2017 இறுதியில் தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம், பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்துவதோடு மரியாதையான கவனிப்பையும் அளவுகோலாக வைத்தது.

துணைக்கு ஆள் இருப்பது வெறும் ஆறுதலுக்கா? இல்லை. 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட மதிப்பாய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிரசவம் முழுக்கத் துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாக நடந்தது, பிரசவ நேரம் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, அனுபவம் மோசமாக இருந்தது என்று சொன்னவர்களும் குறைந்தார்கள்.

ஆராய்ச்சி இதை எண்ணாகச் சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே, திருச்சி மலைக்கோட்டையில் இது கதையாக இருக்கிறது. காவிரியில் வெள்ளம். பிரசவ வலியில் துடிக்கும் மகளிடம் அம்மாவால் வந்து சேர முடியவில்லை. சிவனே அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார், அதனால் ‘தாயுமானவர்’ ஆனார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் வைத்து நன்றி சொல்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருமே இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பெண்ணிடம் யாரும் ‘தைரியமா இரு’ என்று உபதேசம் செய்யவில்லை. துணைக்கு ஆள் வந்தது. நன்றி அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசை முக்கியம்.

வளைகாப்பையும் இப்படிப் பார்க்கலாம். சடங்கு, சீர், போட்டோஷூட் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பெற்றுப் பிழைத்த பெண்கள் வரிசையாக வந்து, பெறப் போகிறவளின் கையைப் பிடித்து வளையல் போடுகிறார்கள். ‘நாங்க இருக்கோம்’ என்று சொல்லும் சத்தம் அது. அதே நாளில் அவள் காதுபட ஆளாளுக்கு வலிக் கதை சொல்லாமல் இருந்தால் சடங்குக்கு முழுப் பலன் கிடைக்கும்.

தகவலும் பயத்துக்கு மருந்துதான்

நன்றி நோட்டோடு கூடவே கையில் சில உண்மையான எண்களும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு தமிழ்நாட்டில் தாய்மார் இறப்பு 54. இந்திய அளவில் 97. ஒவ்வொரு இறப்பும் தடுத்திருக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால், ‘பிரசவம்னா பாதி உயிர் போய்த் திரும்பும்’ என்று நம் தலையில் ஓடும் கணக்குக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

முதல் பிரசவத்தில், கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகான தீவிரக் கட்டம் வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். அதற்கு முந்தைய கட்டம் ஆளுக்கு ஆள் மாறும், நீளமாகவும் இருக்கலாம். இது தெரியாத பெண், முதல் வலி வந்து 5 மணி நேரத்தில் ‘ஏதோ தப்பாயிடுச்சு’ என்று பதறுவாள். தெரிந்தவள், ‘இன்னும் முதல் கட்டம்தான்’ என்று ஒரு வாய் கஞ்சி குடிப்பாள்.

பயத்துக்கும் சிசேரியனுக்கும் உள்ள உறவையும் பேசியாக வேண்டும். அதே குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5. இதற்குப் பயம் மட்டும் காரணம் அல்ல. மருத்துவத் தேவை, மருத்துவமனைகளின் வசதி, நல்ல நேரம் பார்ப்பது என்று பல இருக்கின்றன. சிசேரியன் தோல்வியும் அல்ல. ஆனால், பயந்து போய் ‘அறுத்து எடுத்துடுங்க’ என்று கேட்கும் பெண்ணிடம், கத்தியை எடுப்பதற்கு முன் அந்தப் பயத்தைப் பற்றி யாராவது பேசினார்களா என்பதுதான் கேள்வி.

பேசினால் மாறும் என்பதற்கு பின்லாந்து உதாரணம். கடுமையான பிரசவ பயம் இருந்த, முதல் முறை கர்ப்பமான பெண்களை ஹெல்சின்கியில் சிறு குழுக்களாக உட்கார வைத்து, உளவியலாளர் வழிநடத்தும் அமர்வுகளும் உடல் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. அந்தக் குழுவுக்கு அழைக்கப்பட்டவர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்கு இயல்பான பிரசவம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது சுமார் 48 சதவீதம். ஸ்வீடனில் பிரசவ பயத்துக்கென்றே ‘அரோரா’ என்ற பெயரில் ஆலோசனைப் பிரிவுகள் மருத்துவமனைகளில் இயங்குகின்றன.

நம்மிடம் மாதாமாதம் செக்கப் இருக்கிறது. எடை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம். “பயமா இருக்காம்மா? எதை நினைச்சு?” என்ற ஒரு கேள்வியை அந்த வரிசையில் சேர்க்க இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

பிரசவத்தை நினைத்துப் பல நாளாகத் தூக்கம் வரவில்லை. திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. பயத்தால் செக்கப்புக்குப் போவதையே தள்ளிப் போடுகிறீர்கள். முதல் பிரசவக் காட்சிகள் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. கருவைக் கலைத்துவிடலாமா, செத்துவிடலாமா என்றெல்லாம் தோன்றுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்க வேண்டாம். கர்ப்பகாலத்திலும் கொடுக்கக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவர், அம்மா, மாமியார், நாத்தனார், யாராக இருந்தாலும் இது உங்களுக்கு. அவளிடம் நன்றி நோட்டைக் கொடுக்கும் முன் நீங்கள் ஒன்று எழுதிப் பாருங்கள். அதில் அவள் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். காலையில் வாந்தி எடுத்துவிட்டு வேலைக்குப் போனதற்கு, முதுகு வலியோடு உங்களுக்குத் தோசை சுட்டதற்கு யாராவது அவளுக்கு நன்றி சொன்னீர்களா?

பிறகு, அவள் நோட்டில் எழுதும்படியாக எதையாவது செய்யுங்கள். மருத்துவமனைக்கு முன்கூட்டியே ஒரு முறை அழைத்துப் போய்ப் பிரசவ அறை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். துணைக்கு யார் உள்ளே வரலாம் என்று கேட்டு வையுங்கள். வலி குறைக்க என்ன வழி இருக்கிறது, எபிடியூரல் கிடைக்குமா, ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்று விசாரியுங்கள். பை தயாராக இருக்கட்டும், 108-ஐத் தவிர ஒரு ஆட்டோக்காரர் நம்பரும் இருக்கட்டும். அவள் ‘பயமா இருக்கு’ என்று சொன்னால், ‘எதை நினைச்சு?’ என்று திருப்பிக் கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.

அவள் நோட்டில் நன்றி தானாக வரும். வராவிட்டால், இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.